கோட்டையூர் வீட்டில் உட்கார்ந்து சென்னை வேலை: நடக்குமா, நடக்காதா?

மூன்றாங்கட்டு | செப்டம்பர் 3, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மார்ச் வரை எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். செட்டிநாட்டில், கோட்டையூரில் எங்கள் வீட்டில் அப்பத்தா மட்டும் இருக்கிறார்கள், துணைக்கு ஒரு அம்மா. ஏழு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) சொந்தமான வீடு, ஆறு புள்ளி ஊரிலேயே இல்லை. வேளச்சேரியில் வாடகையும் கட்டிக்கொண்டு இங்கே முக்கால் வீட்டைப் பூட்டியும் வைத்திருப்பது மனதுக்கு ஒப்பவில்லை.

போன வாரம் இரண்டு நாள் வந்து சோதித்தேன் (தொழில் புத்தி). மோடம் முகப்பில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் நெட் வேகம் 40 எம்பிபிஎஸ், பட்டாலையில் (கூடத்தில்) 30, வளவில் (நடுமுற்றத்தில்) தூணோரம் 12. இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் பகுதி) நிலைக்கதவைத் தாண்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இணைப்பு வருவதில்லை. என் அறை அதற்கும் பின்னால். நடுவில் நான்கு சுவர். ஒன்றை நாடா வைத்து அளந்தேன்: 26 அங்குலம். சுவரில் துளை போடவும் முடியாது. முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு. அதைத் துளைத்தால் பங்காளிகள் என்னைத் துளைத்துவிடுவார்கள்.

நெட், கரண்ட் இரண்டுக்கும் வழி சொல்லுங்கள். மூன்றாவது பிரச்சினைக்கு வழி இருக்கிறதா தெரியவில்லை. வீட்டிலிருந்து வேலை என்று சொன்னதை அப்பத்தா வீட்டு வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது, “சும்மாதானே இருக்கே, பரண்ல இருந்து அந்த அண்டாவ இறக்கு” என்றார்கள். பதினொரு பேர் கேட்டார்கள். அதில் நான்கு பேருக்குத் தமிழ் தெரியும்.

ஒயர்மேன் காரைக்குடி | செப்டம்பர் 3, இரவு 10:25

தம்பி, 26 அங்குலச் சுவரோடு வைஃபையைச் சண்டைக்கு விடாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் செத்துவிடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், அதுவும் உங்கள் வீட்டில் ஒன்றரைச் சுவர் தாண்டினால் பெரிது. மெஷ் (வைஃபையைப் பெட்டிக்குப் பெட்டி கடத்துவது) வாங்கச் சொல்வார்கள். வளவு திறந்தவெளி என்பதால் ஒரு பெட்டியை வளவில் வைத்தால் அதுவரை வரும், அங்கிருந்து பின்கட்டுக்கு மறுபடி இரண்டு சுவர். பணம் போகும், வட்டம் அப்படியே சுற்றும்.

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இது மாதிரி ஒரு பத்து வீட்டுக்கு நான் செய்து கொடுத்தது வேறு. மோடத்தை முகப்பில் வைப்பதே தப்பு. கம்பி போட வருகிறவர் தெருவிலிருந்து எது பக்கமோ அங்கே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஃபைபர் கம்பியையே உங்கள் அறைவரை இழுக்கச் சொல்லுங்கள். துளை வேண்டாம். ஒவ்வொரு கதவுக்கும் மேலே காற்றுக்காக மரச்சட்டம் விட்டிருப்பார்கள், அதன் இடுக்கு வழியாகப் போய்விடும், தாழ்வாரத்தில் உத்தரத்தை ஒட்டி இழுத்தால் கண்ணுக்கும் தெரியாது.

இரண்டு கவனம். கம்பியோடு ஒட்டி ஒரு எஃகு ஒயர் வரும். அது கம்பத்திலிருந்து வீடுவரை தொங்குவதற்குத்தான். முகப்போடு அதை உரித்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது, எஃகில் பாயும். ஐப்பசியில் இடி விழுந்தால் அறைவரை அழைத்துக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று, மூலையில் மடக்கக் கூடாது. டீ கிளாஸைச் சுற்றி வளைக்கிற அளவுக்காவது வளைவு இருக்க வேண்டும். மடங்கினால் வெளிச்சம் கசிந்துவிடும், நெட் வரும், ஆனால் நாளுக்கு நாற்பது தடவை அறுந்து அறுந்து வரும். அதைக் கண்டுபிடிக்க என்னை மாதிரி ஆளுக்கே அரைநாள் ஆகும்.

கரண்ட் கதை நாளைக்கு. வீட்டில் சோற்றுக்குக் கூப்பிடுகிறார்கள்.

புதுவயல் நைட் ஷிஃப்ட் | செப்டம்பர் 4, அதிகாலை 4:10

ஏழு புள்ளி வீடு, நான்கு சுவர் என்று படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு அறை. வைஃபை பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வருகிறது.

நான் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக அங்கே உள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்து, பில் ஏன் நிற்கிறது என்று கேட்கும் வேலையில் இருக்கிறேன். மாலை 6:30க்கு உட்கார்ந்தால் 3:30. மூன்று வருஷமாக வீட்டிலிருந்துதான். எனக்கு 40 எம்பிபிஎஸ் எல்லாம் தேவையே இல்லை. குரலுக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்தச் சொட்டு விட்டு விட்டு விழக் கூடாது. ஸ்பீடு டெஸ்டில் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், பிங்கும் (சேதி போய்த் திரும்பும் நேரம்) ஜிட்டரும்தான் (அந்த நேரம் ஏறி இறங்குவது) பேச்சைக் கெடுப்பவை.

புதுவயல் என்றால் அரிசி மில். அறுவடைக் காலத்தில் ராத்திரியும் ஓடும். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கும், ட்யூப்லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், மோடம் அணைந்து திரும்ப எழ இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில், முக்கால் மணி நேரம் ஹோல்டில் காத்திருந்து பிடித்த ஆள் போய்விடுவார். முதல் மாதம் நான் அழுதது அதற்காகத்தான். மோடத்துக்கென்று உள்ளங்கை அளவில் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் விற்கிறார்கள். அது வந்தபிறகு மில் பாட்டுக்கு ஓடுகிறது, நான் பாட்டுக்குப் பேசுகிறேன்.

மீட்டிங்கில் அப்பத்தா குரல் கேட்காமல் இருக்க, வாய்க்கு முன்னால் மைக் நீட்டிக்கொண்டிருக்கிற ஹெட்செட் வாங்குங்கள். காதில் சொருகும் சின்ன ப்ளூடூத் வேண்டாம், அது வீட்டையே அள்ளிக் கொடுக்கும்.

ஒயர்மேன் காரைக்குடி | செப்டம்பர் 4, மதியம் 1:15

புதுவயல் தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. குட்டி யூபிஎஸ் முதலில், இன்வெர்ட்டர் அப்புறம். மோடத்தில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். சிலது 9 வோல்ட்.

இன்வெர்ட்டர் கணக்கு. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை 9க்கு நிறுத்தினால் 2 மணியோ 5 மணியோ ஆகும், முதல் நாள் பேப்பரில் வந்துவிடும். 150 ஆம்பியர் மணி பேட்டரி 12 வோல்ட் என்றால் 1800 வாட் மணி. முழுவதையும் உறிஞ்சக் கூடாது, இன்வெர்ட்டரும் தன் பங்குக்குத் தின்னும். 1100 கையில் நிற்கும் என்று வையுங்கள். லேப்டாப் 60, திரை 25, மோடம் 15, பழைய சீலிங் ஃபேன் 75. மொத்தம் 175. ஆறு மணி நேரம். ஃபேனை மாற்றி பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) போட்டால் 30 வாட்டில் சுற்றும், எட்டரை மணிக்குப் பக்கமாகப் போய்விடும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு. யாரும் செய்வதில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கிற பழக்கமும் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது, அதற்கு எதிர்ச்சாரியிலேயே தண்ணீர் வற்றி வெடித்த பேட்டரியை நான் தூக்கி வந்திருக்கிறேன்.

முக்கியமானது: உங்கள் வீட்டில் எல்லாம் எரிந்தாலும் ஆப்பரேட்டர் பக்கம் செத்துப்போனால் நெட் இல்லை. கம்பி இழுக்கும் முன்னால் வேகத்தைக் கேட்காதீர்கள், “கரண்ட் போனால் கம்பத்தில் இருக்கும் உங்கள் பெட்டி உயிரோடு இருக்குமா?” என்று கேளுங்கள். தெருவில் வெளிச்சத்தைப் பிரித்துவிடும் வெறும் கண்ணாடிப் பிரிப்பான் மட்டும் வைத்தவர்களுக்கு வழியில் கரண்டே வேண்டாம், அவர்கள் ஆபீஸில் இருந்தால் போதும். சிலர் கம்பத்துக்குக் கம்பம் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள், தெருவோடு சேர்ந்து அணையும்.

கணக்கு தேவகோட்டை | செப்டம்பர் 5, காலை 7:05

தம்பிமாரே, வீட்டிலிருந்து வேலை என்றால் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு 58 வயது. மதுரையில் இரண்டு கடை, சென்னையில் ஒரு கடை, மூன்றுக்கும் தேவகோட்டையில் உட்கார்ந்து டேலியில் கணக்கு எழுதுகிறேன். கடைக் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைகிற மாதிரி பிள்ளை ஒரு செயலி அமைத்துக் கொடுத்தான். யாராவது போனில் கூப்பிட்டு “அந்தச் செயலியில் தெரிகிற எண்ணைச் சொல்லுங்கள்” என்றால் சொல்லாதீர்கள், அது திருடன். இதை மட்டும் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தான்.

எனக்குள்ள இடைஞ்சல் நெட்டும் இல்லை, கரண்ட்டும் இல்லை. ஓடிபி. ஜிஎஸ்டிக்கு மாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி ஒரு ரிட்டர்ன். எல்லாம் ஏற்றி முடித்துக் கடைசிப் பொத்தானை அழுத்தினால் ஓடிபி முதலாளி போனுக்குப் போகும். முதலாளி மதியம் தூங்குவார். எழுப்பினால் கோபம், எழுப்பாவிட்டால் நேரம் முடிந்து ஓடிபி செத்துவிடும். இப்போது காலை பத்தரைக்கு என்று பேசி வைத்துக்கொண்டோம். ஆறு வருஷத்தில் நாங்கள் கண்டுபிடித்த பெரிய தொழில்நுட்பம் அதுதான்.

டீம் லீடு சோழிங்கநல்லூர் | செப்டம்பர் 5, இரவு 8:30

எதிர்க் கருத்து ஒன்று சொன்னால் அடிக்க வராதீர்கள். எனக்கும் சொந்த ஊர் செட்டிநாட்டு நெற்குப்பைதான்.

என் டீமில் ஒன்பது பேர், நான்கு பேர் ஊரில் இருக்கிறார்கள். அனுபவம் உள்ள இருவரும் எங்கே இருந்தாலும் வேலை நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர்தான் கவலை. ஒரு பிழையை வைத்துக்கொண்டு மூன்று நாள் தனியாக முட்டிக்கொண்டிருக்கிறான், கேட்கக் கூச்சம். ஆபீஸில் என்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும், டீக்கு அழைத்துப் போகும் வழியில் தீர்ந்துவிடும். டீம்ஸ் செயலியில் பச்சைப் புள்ளி எரிகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிவது. நம் பெரியவர்கள் பெட்டியடிப் பையனை (கடையில் தொழில் பழகும் சிறுவனை) கடிதம் போட்டா பழக்கினார்கள்? மேலாள் பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்தவர்) எழுதுவதைப் பார்க்க வைத்துத்தானே?

பினாங்கு பேரன் | செப்டம்பர் 5, இரவு 10:50

பெட்டியடிப் பையன் விஷயம் சரி அண்ணே. ஆனால் அதே கதையின் மறுபாதியையும் பாருங்கள். அந்தக் காலத்தில் முதலாளி செட்டிநாட்டில், கடை பர்மாவில், ரங்கூனில். ஏஜென்டு மூன்று வருஷத் தவணைக்குப் போவார். நடுவில் கடல். போனும் இல்லை, பச்சைப் புள்ளியும் இல்லை. கப்பல் வரும்போது கடிதமும் கணக்கும் வரும், குறிப்பு, பேரேடு, ஐந்தொகை. அதைப் பட்டாலையில் உட்கார்ந்து படித்துவிட்டு முதலாளி பதில் எழுதுவார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தூரத்து வேலையை எழுத்தால் கட்டி ஆண்ட ஊர் இது. நாம் என்னவோ ஜூம் வந்தபிறகு கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடிதக் கட்டு இருக்கிறது. ஒரு கடிதத்தில் பாதி, போன கடிதத்தில் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். மீதிப் பாதி, அடுத்து என்ன செய்யப் போகிறேன், எதற்கு உத்தரவு வேண்டும். வீண் வார்த்தை கிடையாது. ஒரு கேள்வி விட்டுப்போனால் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்பதால் எதையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். எங்கள் டீமில் தினமும் மாலை ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுதிப் போட வேண்டும் என்று நான் ஆரம்பித்தது அதைப் பார்த்துத்தான். காலைக் கூட்டம் வாரத்துக்கு ஐந்திலிருந்து இரண்டானது.

இரண்டாங்கட்டு ஆச்சி | செப்டம்பர் 6, காலை 11:20

பேரப்பிள்ளைகளா, கடிதக் கதை நன்றாக இருக்கிறது. அந்தக் கடிதம் யார் விலாசத்துக்கு வந்தது, வீட்டில் அதுவரை யார் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லையே?

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே. நடுவில் வீடு, வயல், கோவில் முறை, பிள்ளைகள் காய்ச்சல், கல்யாணப் பேச்சு எல்லாம் எங்கள் அப்பத்தா. பங்காளிச் சண்டையில் தூணுக்கு இந்தப் பக்கம் யாருக்கு, அந்தப் பக்கம் யாருக்கு என்று பேசித் தீர்த்ததும் அவர்கள்தான். 1941 கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்தபிறகு கடிதமே இல்லை. ஐயா மறுவருஷம் நடந்தே வந்து சேர்ந்தார், ஆளை அடையாளம் தெரியவில்லையாம். அந்த ஐந்து மாதமும் வீட்டில் அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை.

அந்தக் கோட்டையூர்த் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அப்பத்தா அண்டாவை இறக்கச் சொன்னதைச் சிரிப்பாக எழுதியிருக்கிறாய். ஆறு புள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக இருக்கிறவர்களுக்கு வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருப்பது எவ்வளவு பெரிது. எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு ஓய்வு என்று உட்கார்ந்து சொன்னாயா? சொல்லிவிட்டுக் கதவைச் சாத்து. அவர்கள் காலத்தில் பெட்டிக்கு முன்னால் கணக்கு எழுதும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியும். உன் பெட்டிதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நெறியாளர் | செப்டம்பர் 6, மாலை 6:00

யார் வீடு பெரிது என்கிற பின்னூட்டங்கள் நான்கை நீக்கியிருக்கிறேன். தலைப்புக்கு வாருங்கள்.

கண்ணாடித்தட்டு ஆத்தங்குடி | செப்டம்பர் 6, இரவு 9:15

நான் ஆத்தங்குடி டைல்ஸ் செய்கிறவன். கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுகிற வேலையை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் விற்பது முழுவதும் போனில்தான். வெளியூர்க்காரர் வீடியோவில் சிவப்பைக் காட்டச் சொல்வார். கேமரா அதைக் காவியாக்கிவிடும். சரக்கு போய் இறங்கியதும் “நீங்கள் காட்டியது இது இல்லையே” என்பார். இப்போது டைல்ஸ் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, காலைப் பத்து மணிக்கு வெளியே நிழலில் காட்டுகிறேன். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சிவப்பும் சிவப்பாகத் தெரியும். இதுவும் கருவிதானே என்று எழுதினேன்.

மூன்றாங்கட்டு | அக்டோபர் 12, இரவு 11:30

வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒயர்மேன் அண்ணன் சொன்னபடியே ஃபைபரை உள்ளே இழுத்தாயிற்று. கம்பி போட வந்தவர் முதலில் “அவ்வளவு தூரம் முடியாது சார்” என்றார். முகப்பிலிருந்து என் அறை 130 அடி. அப்பத்தா இரண்டு சீப்புச்சீடையும் காபியும் கொடுத்தார்கள், முடிந்தது. எஃகு ஒயரை உரிக்கச் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார், “இதெல்லாம் யார் சொன்னது?” என்றார். அறையில் இப்போது 38, பிங் 9. இரண்டாவது சிம் போனில் தயாராக இருக்கிறது, ஆனால் மாடி ஜன்னலில் வைத்தால்தான் சிக்னல்.

எதிர்பாராத தொல்லை எதிரொலி. உயரமான கூரை, தரையில் கல், சுவர் கண்ணாடி மாதிரி வழவழ. நான் பேசுவது கோவில் மண்டபத்தில் பேசுவது போல இருக்கிறதாம். ஒரு அமெரிக்கர், “நீங்கள் தேவாலயத்திலா இருக்கிறீர்கள்?” என்றே கேட்டுவிட்டார். பரணில் கல்யாணச் சீருக்கு வந்த மெத்தைகள் பதினெட்டு இருந்தன. ஆறை இறக்கி எனக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிறுத்தி, மேலே பழைய ஜமுக்காளத்தைப் போட்டேன். எதிரொலி போயே போச்சு. அந்துருண்டை வாசனை மட்டும் போகவில்லை.

ஆச்சி சொன்னபடி அப்பத்தாவிடம் உட்கார்ந்து பேசினேன். லேப்டாப்பைக் காட்டி, “இதுதான் பெட்டி” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். “அடுத்தாள் யாரு?” என்றார்கள். டீமில் என்கூட இருக்கும் பையனின் முகத்தைக் காட்டினேன். “ஒல்லியா இருக்கான்” என்றார்கள். அன்றிலிருந்து கதவு சாத்தியிருந்தால் கூப்பிடுவதில்லை. ஆனால் நான் வெளியே வந்ததும் மூன்று வேலை காத்திருக்கும், அண்டா உட்பட.

டீம் லீடு சோழிங்கநல்லூர் | அக்டோபர் 13, காலை 9:10

வாழ்த்துகள். பினாங்குத் தம்பி சொன்ன ஐந்து வரியை நானும் ஆரம்பித்துப் பார்த்தேன். புதுப்பையன் ஒருவன் நான்காவது வரியில் “புரியவில்லை, கேட்கத் தயக்கம்” என்று எழுதியிருந்தான். எழுத வருகிறது, பேச வரவில்லை. இன்னும் நான் கட்சி மாறவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவர்களை நேரில் உட்கார வைக்கத்தான் போகிறேன்.

மூன்றாங்கட்டு | நவம்பர் 4, இரவு 8:45

இன்றைக்கு அவமானம். அமெரிக்கக் கிழக்குக் கரையோடு தினமும் நமக்கு இரவு 7க்குக் கூட்டம், அவர்களுக்குக் காலை 9:30. இன்று 7க்கு உட்கார்ந்தேன், ஆளில்லை. 7:20க்குக் கோபமாக ஒரு செய்தி போட்டேன். அவர்கள் கடிகாரத்தை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள், இனி மார்ச் வரை நமக்கு 8 மணி. காலண்டர் சரியாகத்தான் 8 என்று காட்டியது. நான் அலாரத்தை நம்பினேன்.

புதுவயல் நைட் ஷிஃப்ட் | நவம்பர் 5, அதிகாலை 4:30

அண்ணா, இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தை நம் ஊர் ஆள் போட்டிருந்தால் அது நமக்கு 7லேயே நிற்கும், அவர்களுக்குத்தான் 8:30 என்று மாறும். யார் அழைப்பு அனுப்பினார்களோ அவர் ஊர் கடிகாரத்தில்தான் அது ஆணி அடித்து நிற்கும். நவம்பர் முதல் ஞாயிறும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் வருவதற்கு முன்னால் எல்லா அழைப்பையும் ஒருமுறை பாருங்கள். என் ஷிஃப்டே 7:30க்குத் தள்ளிவிட்டது. பால்காரர் வந்தபிறகுதான் தூங்குகிறேன். பகலில் தூங்குகிறவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வருகிறவர்கள் பாவம், எங்கள் அம்மா வாசலிலேயே பாக்கு வாங்கி அனுப்பிவிடுகிறார்.

மூன்றாங்கட்டு | டிசம்பர் 26, இரவு 10:15

பிள்ளையார் நோன்புக்கு ஆறில் நான்கு புள்ளி வந்து இறங்கியது. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் வரும் என்று ஜூலையிலேயே கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. இழை எடுக்கும் (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை வாங்கி உண்ணும்) நேரம் சரியாக 8. கூட்டமும் 8. மத்தியானமே அன்றைய வேலையைக் கடிதம் மாதிரி எழுதிவிட்டேன்: நேற்றுக் கேட்டவற்றுக்குப் பதில், நாளைக்கு என்ன, எதற்கு உத்தரவு வேண்டும். கூட்டம் எட்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம். நான் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது என்று அந்த ஒல்லிப் பையன் சொல்கிறான்.

மாவில் வைத்த இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டபோது என் சித்தப்பா மகள் படம் எடுத்து ஆபீஸ் குழுவில் போட்டுவிட்டாள் (என் போன் அவள் கையில் இருந்தது). “நீ நெருப்பைத் தின்றாயா?” என்று பாஸ்டனிலிருந்து ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாங்கட்டு | ஜனவரி 18, மாலை 5:50

உதவி தேவை, அவசரம். தையில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம், எங்கள் வீட்டிலேயே. மூன்று நாளைக்கு என் அறை மாப்பிள்ளை வீட்டாருக்கு. மெத்தைகளையும் கேட்டுவிட்டார்கள். வளவில் மேளம், பின்கட்டில் சமையல், திண்ணையில் சீட்டு. நானூறு பேர். புதன்கிழமை இரவு 8க்கு வாடிக்கையாளருக்குச் செய்முறை (டெமோ) காட்ட வேண்டும், அதைத் தள்ளிப்போட முடியாது. காரில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட்டில் செய்யலாமா?

கணக்கு தேவகோட்டை | ஜனவரி 18, மாலை 6:20

கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற காரில் ஒரு ஆள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் தம்பி.

புதுவயல் நைட் ஷிஃப்ட் | ஜனவரி 18, மாலை 6:25

காரில் வேண்டாம் அண்ணா. நானூறு போன் ஒரே டவரில் தொங்கும்போது ஹாட்ஸ்பாட் எழவே எழாது. எங்கள் ஊர்த் தேரோட்டத்தன்று எனக்கு நடந்தது.

ஒயர்மேன் காரைக்குடி | ஜனவரி 18, இரவு 7:40

பந்தல் போடுகிறவரிடம் ஃபைபர் கம்பி போகிற வழியை இன்றைக்கே காட்டி வையுங்கள், கயிறு என்று நினைத்துச் சீரியல் பல்பைத் தொங்கவிடுவார். அப்புறம், கழனிவாசல் பக்கம் என் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. இன்வெர்ட்டர், நெட், மேசை எல்லாம் உண்டு. சாமான் அடைத்து வைத்திருக்கிறேன், எதிரொலி அவ்வளவாக வராது. ஏழு மணிக்கு வந்தால் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம். நான் இல்லையென்றால் சாவி கீழே டீக்கடையில் இருக்கும். வரும்போது பந்தியிலிருந்து கவுனி அரிசி கொஞ்சம் கட்டிக்கொண்டு வாருங்கள்.